249 கிராம் எங்கட ஊர்க் கணக்கு இல்லை

போன இதழில் மட்டக்களப்பு வாவியை மேலேயிருந்து எடுத்த படம் ஒன்றைப் போட்டாலும் போட்டோம், இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ட்ரோன் பற்றியவை. சிலர் விலை கேட்கிறார்கள், சிலர் கடையின் பெயரையே கேட்கிறார்கள் (அது சொல்ல மாட்டேன், கோபிக்க வேண்டாம்). ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லடி வாசகர்: அண்ணன், பொழுதுபோக்குக்கு ஒரு ட்ரோன் வாங்க யோசிக்கிறேன். கடையில் டிஜேஐ மினி 4கே ஒன்றைக் காட்டி, "249 கிராம்தான், பதிவு கிதிவு ஒன்றும் தேவையில்லை" என்கிறார்கள். இணையத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாங்கிவிடவா?

வாங்குங்கள், ஆனால் அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். 249 என்பது கம்பனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த எண் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டத்தில் 250 கிராமில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள், அந்தக் கோட்டுக்கு ஒரு கிராம் இந்தப் பக்கம் நிற்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டு எடையைக் குறைத்தார்கள். 2019இல் முதல் மினி வந்தபோது ஜப்பானில் கோடு 200 கிராமில் இருந்தது. அதனால் அந்த நாட்டுக்கென்றே சின்னப் பற்றரி ஒன்றைப் போட்டு 199 கிராமில் தனியாக விற்றார்கள். 2022இல் ஜப்பான் கோட்டை 100 கிராமுக்கு இறக்கியதும் அந்த 199க்கும் மவுசு போய்விட்டது. அதாவது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு தராசு. இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகார சபை வைத்திருக்கிற கோடு 200 கிராம். அதற்கு மேலே போனால் பதிய வேண்டும், மினி அதற்கு மேலே 49 கிராம் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் போட்ட காணொளியைப் பார்த்துவிட்டு கடையில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் விசயம்.

அப்புறம், பதிவு ஒன்று, பறக்கவிட அனுமதி இன்னொன்று. பதிவு இலக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு எழுப்பிவிட முடியாது. விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: வாவியின் அந்தப் பக்கம், காந்தி பூங்காவிலிருந்து நேர்கோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அது விமானப்படைத் தளமும்கூட. 2018இலிருந்து பொதுமக்கள் விமானங்களும் அங்கே இறங்குகின்றன. "ட்ரோன் ஒன்றும் தடுக்கவில்லையே, எழும்பியதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ட்ரோன் தடுக்கவில்லை என்றால் சட்டம் விட்டது என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதை நிறுத்திவைத்திருந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் நடந்ததை இந்த ஊரில் மறந்தவர் யாரும் இல்லை. மேலே ஒன்று இரைந்தால் இங்கே சனம் நிமிர்ந்து பார்க்கிற பார்வை வேறு. கையில் கடதாசியை வைத்துக்கொண்டு, பொலிஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறக்கவிடுவது உங்கள் நிம்மதிக்கே நல்லது.

எதை வாங்குவது என்று கேட்டால், முதலில் எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்பேன். திறந்த வெளி, கடற்கரை, குளக்கட்டு என்றால் மினி 4கே நல்ல தொடக்கம்தான், அமெரிக்காவில் 299 டொலருக்கு அறிமுகமானது, இங்கே வரியோடு அது வேறு கணக்கு. வீட்டு வளவு, பிள்ளைகள், நண்பர்களோடு போகிற பயணம், இவ்வளவுதான் என்றால் டிஜேஐ நியோ போதும். அது 135 கிராம், எங்கட 200 கிராம் கோட்டுக்கு உண்மையிலேயே கீழே நிற்கிறது, உள்ளங்கையிலிருந்து எழும்பி உள்ளங்கையில் இறங்கும், இறக்கைகளைச் சுற்றிக் கூடும் இருக்கிறது. ஹோவர்எயார் எக்ஸ்1 என்ற 125 கிராம் பறவையும் அதே சாதி. ஆனால் பதிவு விலக்கு என்றால் எல்லாவற்றுக்கும் விலக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறக்காதே, ஆட்களின் தலைக்கு மேலே பறக்காதே என்பதெல்லாம் 135 கிராமுக்கும் உண்டு.

காரைதீவு வாசகி: மகனுக்கு 12 வயது. இணையக் கடையில் "4கே இரட்டைக் கமெரா ட்ரோன்" என்று மிக மலிவாகப் போட்டிருக்கிறார்கள். எடுத்துக் கொடுக்கலாமா?

விளையாட்டுச் சாமான் என்று தெரிந்துகொண்டு எடுத்தால் எடுக்கலாம். பெட்டியில் 4கே, அதாவது மிகத் தெளிவான படம், என்று அடித்திருக்கும், படம் பார்த்தால் பழைய பட்டன் போனில் எடுத்தது போல இருக்கும். இவற்றில் ஜிபிஎஸ் இல்லை, அதனால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மோட்டாரும் மலிவு வகை, சில மணி நேரம் ஓடியதும் தேய்ந்து ஒரு பக்கம் சரியத் தொடங்கும். பற்றரி பத்து நிமிடம் நின்றால் பெரிய விசயம்.

ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜிபிஎஸ் இல்லாத ட்ரோனைக் காற்றில்லாத காலையில் ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிள்ளை பிறகு எந்த ட்ரோனையும் ஓட்டும். குறிப்பாக ட்ரோன் தன்னை நோக்கித் திரும்பி நிற்கும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது கையில் படிய வேண்டும், பெரியவர்கள் விலை கூடிய ட்ரோனைத் தென்னையில் கொண்டுபோய்ச் சொருகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மேலதிக இறக்கைகளும் இரண்டு பற்றரியும் சேர்ந்து வருகிற பெட்டியாகப் பாருங்கள். பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்க விடாதீர்கள். ஊதிப்போன பற்றரியை அமுக்கிப் பார்க்கிறது, ஊசியால் குத்துகிறது எல்லாம் கூடவே கூடாது, தீப்பிடிக்கும்.

வாழைச்சேனை வாசகர்: பாசிக்குடா, கல்குடாப் பக்கம் கடல்தான் எனக்கு வேண்டும். காற்று எவ்வளவு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று விளங்கிக்கொண்டு. மினி 4கேக்கு விநாடிக்கு 10.7 மீற்றர் என்று போட்டிருக்கிறார்கள், மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். நியோவுக்கு 8 மீற்றர், அதாவது ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அவ்வளவு காற்றில் கவிழாமல் நிற்கும் என்பதுதான் அதன் பொருள். திரும்பி உங்களிடம் வரும் என்பது வேறு விசயம்.

வைகாசி, ஆனியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் எங்கட கரையில் என்ன நடக்கிறது என்று கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது தரையிலிருந்து கடலுக்கு இழுக்கிற காற்று. கரையில் நின்று ட்ரோனைக் கடல் பக்கம் அனுப்பினால் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும், பற்றரி குறைவதே தெரியாது, படமும் அழகாக வரும். திரும்பும்போதுதான் கதை. மினி சாதாரண முறையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். எதிர்க்காற்று 30 என்று வையுங்கள். மிச்சம் ஆறு. ஆறு கிலோமீட்டர் வேகத்தில் 500 மீற்றர் வர ஐந்து நிமிடம் வேண்டும், கையில் 20 வீதம் பற்றரிதான் இருக்கிறது என்றால் அந்த ஐந்து நிமிடம் ஐந்து வருசம்போல இருக்கும். அந்த நேரத்தில் ரிமோட்டில் வேக முறைக்கு மாற்ற வேண்டும், அதில் 57 கிலோமீட்டர் வரை போகும், அதே தூரத்தை ஒரு நிமிடம் சொச்சத்தில் கடந்துவிடலாம். உயரத்தையும் இறக்க வேண்டும், ஏனென்றால் கீழே காற்று குறைவு. தானாகத் திரும்பி வரும் பொத்தானை அமத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் கடலுக்குக் கொடுக்கிறார்கள், அது அமைதியாகச் சாதாரண வேகத்தில், உயரத்தில், நேர் எதிர்க்காற்றில் வரப் பார்க்கும்.

அதனால் கச்சான் காலத்தில் முதலில் காற்றை எதிர்த்து, தரைப் பக்கம் பறக்கவிட்டுப் பாருங்கள். கடல் பக்கம் போனாலும் பற்றரி பாதியானதும் திரும்புங்கள். மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து வருகிறது, தள்ளினாலும் கரைக்குத்தான் தள்ளும், அந்த வகையில் அது நல்லது. ஆனால் மழைத் தூற்றலுக்கு இந்தச் சின்ன ட்ரோன்கள் எதுவும் பொருந்தாது.

மணலிலிருந்து நேராக எழுப்பாதீர்கள், மோட்டாருக்குள் மணல் போனால் அரைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கும். மீன் பெட்டி மூடியோ ஒரு பலகைத் துண்டோ போதும், அதற்கென்று விற்கிற வட்டப் பாயெல்லாம் கட்டாயம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புப் பூத்திருந்தால் ஈரம் லேசாகப் பட்ட துணியால் துடையுங்கள். தண்ணீருக்கு மேலே ஒன்றிரண்டு மீற்றரில் தாழப் பறப்பதும் ஆபத்து. ட்ரோனின் அடியில் இருக்கிற கண் தரையின் வடிவத்தைப் பார்த்துத்தான் நிலைகொள்கிறது, அலை அசைந்தால் தரையே அசைகிறது என்று நினைத்து அதுவும் அசையும்.

ஏறாவூர் வாசகர்: 10 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருக்கிறார்களே, உண்மையா?

சமிக்ஞை போகும், தடையே இல்லாத வெளியில். ஆனால் ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, மினி ஒன்று 300, 400 மீற்றர் தாண்டினால் வானத்தில் எள்ளு மாதிரி. அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள்.

கொக்கட்டிச்சோலை வாசகர்: எங்கள் வட்டையில் ஆறு ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். ட்ரோன் ஒன்று எடுத்தால் பொழுதுபோக்குக்கும் ஆகும், மருந்தடிக்கவும் ஆகும் என்று மருமகன் சொல்கிறார். யானையையும் கலைக்கலாமாம்.

ஐயா, மருமகன் மூன்று வேறு விசயங்களை ஒரு சாக்கில் கட்டியிருக்கிறார். மருந்தடிக்கிற ட்ரோன் முற்றிலும் வேறு சாமான். பத்து லிட்டரிலிருந்து நாற்பது லிட்டர் வரை தாங்கி, பல கிலோ எடை, பற்றரி சார்ஜ் பண்ண ஜெனரேற்றர், விலையும் அனுமதியும் அதற்கேற்றபடி. ஆறு ஏக்கருக்கு அதை வாங்குவது உழவு இயந்திரம் வாங்கி முருங்கைக்குக் கொத்துவது மாதிரி. கூலிக்கு அடித்துத் தருகிறவர்கள் உங்கள் பக்கம் வந்தால் ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்கு ட்ரோன் வயலுக்கு உதவாது என்று இல்லை. உதவுகிறது, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடவே. வெயில் ஏறுவதற்கு முன் 40 மீற்றர் உயரத்தில் நிறுத்தி, கமெராவை நேர் கீழே திருப்பி ஒரு படம். ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில், அதே உயரத்தில். வரம்பில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும், மேலேயிருந்து பார்த்தால் எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கவில்லை, எங்கே பசளை படவில்லை, எந்த மூலையில் பன்றி உழக்கியிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். கபில நிறத் தத்தி என்ற பூச்சி விழுந்த இடம் வட்டம் வட்டமாகக் கருகிக் கிடக்கும், நடந்து போய்க் கண்டுபிடிப்பதற்குள் வட்டம் பெரிதாகிவிடும். இந்த வேலைக்கு மினி 4கே தாராளம், பதிவும் அனுமதியும் எடுத்துக்கொண்டு. வயல் காரியம் பார்க்கிற வட்டவிதானைக்கும் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லிவிடுங்கள், தங்கள் வயலைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்புகிறான் என்று கதை கிளம்பிவிடும்.

யானை வேண்டாம். சத்தத்துக்கு அது ஓடும், உண்மைதான். எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஒரு காவல் பரண் இருந்தால்? வனசீவராசிகள் திணைக்களத்தாரின் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

நிந்தவூர் வாசகர்: காக்கா, தம்பி கத்தாரில். அடுத்த மாதம் வரும்போது மினி 4 ப்ரோ ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் சரிதானே?

நிறுத்தச் சொல்லுங்கள், அவசரமாக. ட்ரோன் இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், அது கையில் இல்லாமல் கட்டுநாயக்கவில் வந்து இறங்கினால் சுங்கத்தில் தடுத்து வைப்பார்கள், பிறகு அதை எடுக்க நீங்கள் நிந்தவூருக்கும் கொழும்புக்கும் ஓடுகிற பஸ் காசே தனிக் கணக்காகிவிடும். ரிமோட்டும் ட்ரோனும் வானலை பாவிக்கிறபடியால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பக்கமும் கடதாசி இருக்கிறது. முதலில் விண்ணப்பம், பிறகு பயணச்சீட்டு. தம்பியின் விடுமுறை அதற்குள் வந்துவிட்டால் ட்ரோனை அறையில் வைத்துவிட்டு வரட்டும், அடுத்தமுறை பார்க்கலாம்.

அனுமதி கிடைத்தால் மினி 4 ப்ரோ நல்ல தெரிவு. நாலாபக்கமும் தடை தெரிகிற கண் அதற்கு இருக்கிறது, மினி 4கேக்கு அடியில் மட்டும்தான். உங்கள் ஊரில் தென்னைக்கு நடுவே ஓட்ட அந்தக் கண் உதவும், ஆனால் மெல்லிய ஓலை நுனியையும் மின்கம்பியையும் அதுவும் தவறவிடும். வரும்போது பற்றரிகளைக் கைப்பையில் போட வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

கல்முனை வாசகர்: கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். பொழுதுபோக்கு என்று பதிந்துவிட்டு இரண்டொரு கலியாணத்துக்கும் பாவிக்கலாமா?

காசு வாங்கினால் அது பொழுதுபோக்கு இல்லை தம்பி, விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுத வேண்டும். மாலை மாற்றும்போது மணமக்களின் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிற அந்த ஷொட்டை மறந்துவிடுங்கள். மினியின் இறக்கை மெல்லிய பிளாஸ்ரிக்தான், கண்ணில் பட்டால் அது போதும். சனம் வருவதற்கு முன், பந்தல் கட்டி முடிந்த காலையில் வீட்டையும் வீதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொகுக்கும்போது அதுதான் எடுபடும். தீமிதிப்பு, தீர்த்தம் இப்படிச் சனம் நெருங்குகிற இடங்களுக்கும் இதே பதில்தான், பாண்டிருப்பானாலும் சரி, மாமாங்கமானாலும் சரி.

ஆரையம்பதி வாசகி: பக்கத்து வளவுப் பொடியன் எங்கள் கிணற்றடிக்கு மேலே ட்ரோனைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். என்ன செய்வது?

கல்லெறிய வேண்டாம், பட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். தாய் தகப்பனிடம் நேரே போய்ப் பேசுங்கள், திருந்தாவிட்டால் பொலிஸ். ட்ரோன் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, திரையில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு தீரும்.

களுவாஞ்சிகுடி வாசகர்: கைமாறிய மினி 2 ஒன்று வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

படத்தை அனுப்பச் சொல்லி வாங்காதீர்கள், ஆளோடு ஒரு திறந்த இடத்தில் சந்தியுங்கள். கையில் எடுத்ததும் ட்ரோனின் கைகளை மடக்கி விரித்துப் பாருங்கள், பின்கைகளின் மூட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கும், விழுந்த ட்ரோன் என்றால் அங்கேதான் தெரியும். மோட்டாருக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் அது கடல் பார்த்த ட்ரோன். இறக்கைகளை விரலால் தடவுங்கள், நுனியில் சொரசொரப்பு இருந்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது கவனம், அவற்றில் இரண்டு வகை உண்டு, அடையாளம் பார்த்துப் போடாவிட்டால் எழும்பும்போதே குப்புறக் கவிழும்.

பிறகு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆப்பில் பற்றரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று தெரியும். அண்ட்ரொய்ட் போன் என்றால் டிஜேஐ ஃப்ளை ஆப் பிளே ஸ்ரோரில் கிடைக்காது, கம்பனித் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும், உங்கள் போனில் அது ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நெஞ்சளவு உயரத்தில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். ஒரே இடத்தில் நிற்கிறதா, படம் சரிந்து நிற்கிறதா, ஒரு மோட்டார் மட்டும் வேறு சுருதியில் பாடுகிறதா. கடைசியாக, காசு கொடுப்பதற்கு முன், விற்கிறவர் தன்னுடைய கணக்கிலிருந்து ட்ரோனைக் கழற்றிவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஆள் போய்விட்டால் பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை. பதிவும் அவர் பெயரில் இருந்தால் மாற்ற வேண்டும். பதிவே இல்லை, "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்றால், எழும்பி வந்துவிடுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஓர் ஆசிரியை: பாடசாலையில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பறக்கவிடக் காட்ட வேண்டும். செலவு குறைய வேண்டும்.

ரைஸ் டெலோ என்ற குட்டி ட்ரோன். 2018இல் வந்த பழைய சாமான்தான், 80 கிராம், பறப்பது 13 நிமிடம், ஆனால் திரையில் ஸ்க்ராட்ச் நிரல் கட்டைகளை அடுக்கியும் பைதன் நிரல்மொழியில் எழுதியும் ஓட்டலாம். மண்டபத்துக்குள் மட்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு. பளபளக்கிற தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும், அடியில் பார்க்க ஒரு வடிவம் வேண்டும் அதற்கு. கோலம் போட்ட பன்பாய் இரண்டை விரித்துவிட்டால் ஆணி அடித்ததுபோல நிற்கும். சிரிக்க வேண்டாம் டீச்சர், செய்து பாருங்கள்.

பொத்துவில் வாசகர்: பருந்து துரத்தினால்?

மேலே ஏற்றுங்கள். கீழே இறக்கினால் அதற்கு அதுதான் வசதி.

குருக்கள்மடம் வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஒன்றையாவது தொலைத்ததில்லையா அண்ணன்?

உங்கள் ஊர்த் துறையில்தான் தொலைத்தேன், அதனால் மறைக்கவும் முடியாது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைப் பக்கம் தோணியில் போகும்போது, நடு வாவியில் வைத்து என்னுடைய மினி 2ஐ எழுப்பினேன். பதிவு, அனுமதி எல்லாம் இருந்தது. ட்ரோன் எழும்பும்போது "இதுதான் வீடு" என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளும், அந்த இடம் தோணி இல்லை, தோணிக்குக் கீழே இருந்த தண்ணீர். எனக்கு அது தெரியும், நூறு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தோணிக்காரர் கம்பால் தள்ளுவதை நிறுத்தவில்லை, காற்றும் இழுத்தது, நாங்கள் நகர்ந்துகொண்டே இருந்தோம். பற்றரி சிவப்பானது, வெயிலில் போன் திரை கறுப்பாகத் தெரிந்தது, நான் பழக்கதோசத்தில் வீடு திரும்பும் பொத்தானை அமத்தினேன்.

அது ஒழுங்காக வீட்டுக்குப் போனது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே நின்று, இங்கே இறங்கவா என்று கேட்டது. அந்த இடத்தில் அதைத் துண்டித்துவிட்டு நானே ஓட்டி வந்திருக்கலாம், கையாலே பிடித்திருக்கலாம். நான் திரையில் கையை வைத்து வெயிலை மறைத்து எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பற்றரி முடிந்ததும் அது கேட்பதை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டது. தோணிக்காரர் கம்பை ஊன்றிவிட்டு, "மகன், அது நீந்துமோ?" என்று கேட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு இறால் வலையில் வந்தது. அதன் நினைவக அட்டையிலிருந்த கோப்பு திறக்கவில்லை, பாதியில் அறுந்த பதிவு. ஆனால் ஆப் போனில் ஒரு மங்கலான பிரதியை எடுத்து வைத்திருந்தது. அதில் வாவி மெதுவாகக் கிட்ட வருகிறது, படத்தின் ஓரத்தில், ஒரு 80 மீற்றர் தள்ளி, தோணியில் எழும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன், ஏதோ அதற்கு விளங்கும் என்பதுபோல.